துருவப் பனியும் காவிரிச் சமவெளியும்

கடற்கரையினின்றும் நெடுந்தொலைவில் வாழ்வார்க்குக் கடலைப் பற்றிய கவலை எற்றுக்கு என்று வினவுவோர் நம்மிடையே பலர் உளர். மேற்போக்காக நோக்குவார்க்கு அவ்வினா நியாயமானதாகவே தோன்றும். சேர்வராயன் மலையடியினின்று காவிரிக்கரை வரை விரிந்து கிடக்கும் நம் சமவெளியில், சேலம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. நாமக்கல் 200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தது. உலகின் நிலப்பனி அனைத்தும் ஒருங்கே உருகினும் கடல் 70 மீட்டருக்கு மேல் உயராது என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆகவே வங்கக் கடலின் அலை நம் ஊர்களைத் தீண்டும் நாள் என ஒன்று இல்லை. அங்ஙனமாயின், துருவப் பிரதேசங்களில் பனி உருகும் கணக்கை நம் மாணவர் கற்க வேண்டுவது எதற்கு? கற்கத்தான் வேண்டும் என்பதும், மேட்டூர் அணையின் அருகே வாழும் நாம் அக்கணக்கை ஏனையோரினும் எளிதில் உணரக் கூடியவர் என்பதும் நம் துணிபு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்போம்.

முதலாவது, கடலோடு நமக்குத் தொடர்பில்லை என்பதே உண்மையன்று. நம் புகைவண்டி நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே ஓர் எண் எழுதப்பெற்றிருப்பதைப் பலரும் பார்த்திருப்பர். கடலின் சராசரி மட்டத்திலிருந்து அந்நிலையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை அவ்வெண் குறிக்கின்றது. இந்திய நில அளவைத் துறையினர், கராச்சி முதலாக ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்ற வற்றத்தை நெடுநாள் அளந்து, அவ்வளவைகளை 1909-ஆம் ஆண்டில் ஒன்றிணைத்து, நாடு முழுவதற்கும் உயரத்தின் தொடக்கமாக ஒரு சுழியத்தை நிறுவினர். அவ்வொன்பதனுள் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். எனவே நம் ஊரின் உயரத்திற்குச் சாட்சி கூறுவது நாகப்பட்டினத்துக் கடலேயாம். அச்சாட்சி நிலையாக நில்லாமல் மெல்ல எழுகின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

எவ்வளவு எழுந்துள்ளது? பருவநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அரசுக் குழு 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, உயர்ந்துள்ளது. இஃது ஒரே சீராக நிகழ்ந்ததன்று. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த உயர்வு, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டராயிற்று. நம் நாட்டைச் சூழ்ந்த வட இந்தியப் பெருங்கடலிலும் இவ்வாறே நிகழ்ந்துள்ளது. மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை இருந்த உயர்வு, 1993 முதல் 2017 வரையிலான காலத்தில் 3.3 மில்லிமீட்டராக விரைந்தது எனக் கூறுகின்றது.

கடல் உயர்வதற்குப் பெருங் காரணங்கள் மூன்று. உஷ்ணம் மிகுந்து கடல்நீரே விரிதல் ஒன்று. இமயம் முதலிய மலைகளின் பனியாறுகள் கரைதல் மற்றொன்று. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிக்காவிலும் நிலத்தின் மேல் படிந்துள்ள பெரும் பனிப்பாளங்கள் குறைதல் மூன்றாவது. நிலத்தின் மேல் படிந்த பனி என்பதை ஈண்டுக் கருத்திற் கொள்ளல் வேண்டும். குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர்மட்டம் உயர்வதில்லை. வெளியினின்றும் ஒரு கட்டியை எடுத்து இட்டால் உயர்கின்றது. அவ்வாறே, கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனி உருகுவதால் மட்டம் ஏறத்தாழ மாறுவதில்லை. நிலத்தின் பனி கடலில் வந்து சேர்ந்தால் உயர்கின்றது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் கரையின் கடல் 7 மீட்டருக்குச் சற்று மேலும், அண்டார்க்டிக்காவின் பனி முழுவதும் கரையின் ஏறத்தாழ 58 மீட்டரும் உயரும். அண்டார்க்டிக்காவில் சில இடங்களில் பனியின் தடிப்பு 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. நம் சேர்வராயன் மலையை ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை அடுக்கினும் அப்பனியினுள் மறைந்துபோம். நம் நாட்டாரும் அங்குச் சென்று ஆராய்ந்து வருகின்றனர். முதலில் அமைத்த தட்சிண கங்கோத்ரி நிலையம் பனியிற் புதையுண்டு கைவிடப்பட்டபின், 1989 முதல் மைத்ரியும் 2012 முதல் பாரதியும் இந்திய ஆராய்ச்சி நிலையங்களாக விளங்குகின்றன.

இத்துணைப் பெரிய பனியில் ஆண்டுதோறும் எவ்வளவு குறைகின்றது என்பதை எங்ஙனம் அறிவது? நம் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என அறிவுக்குரிய வழிகளைப் பகுத்தனர். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது கருதல். பனியின் கணக்கும் கருதலளவையைச் சார்ந்ததே. ஆயின், ஒரு புகையைக் கண்டு துணியாமல், மூன்று வேறு திசைகளினின்றும் மூன்று புகைகளைக் கண்டு துணிகின்றனர். அம்மூன்று முறைகளுக்கும் உவமை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை.

மேட்டூர் அணையில் நீர் எவ்வளவு உள்ளது என்பதை யாரும் குடத்தால் முகந்து அளப்பதில்லை. நீர்மட்டம் எத்தனை அடி என்று அளவுகோலைப் பார்த்து, அம்மட்டத்திற்கு இத்தனை கொள்ளளவு என்னும் பட்டியலைக் கொண்டு கூறிவிடுகின்றனர். பனிக்கும் முதல் முறை இதுவே. 2010-இல் ஏவப்பட்ட கிரையோசாட்-2 என்னும் செயற்கைக்கோள் ரேடார் அலைகளாலும், 2018-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 லேசர் ஒளியாலும் பனிப்பரப்பின் உயரத்தை அளந்து வருகின்றன. இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புதிதாகப் பெய்த வெண்பனி பஞ்சுப் பொதியை ஒத்தது. நாட்பட்டு இறுகிய பனி நெல் மூட்டையை ஒத்தது. இரண்டும் ஒரே உயரமாயினும் எடை வேறு. உயரத்தை எடையாக மாற்றுங்கால் பிழை புகுகின்றது.

இரண்டாம் முறை வரவு செலவுக் கணக்கு. பிலிகுண்டுலுவில் காவிரி எத்தனை கன அடி வருகின்றது, மேட்டூரில் எத்தனை கன அடி திறக்கப்படுகின்றது என்பதை அறிந்தால், அணையில் நீர் ஏறுமா இறங்குமா என்பது விளங்கும். அவ்வாறே, பனிப்பாளத்தின் மேல் ஆண்டுதோறும் பெய்யும் பனியை வரவாகவும், உருகி ஓடுவதையும் பனியாறுகள் கடலிற் கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் செலவாகவும் வைத்துக் கணக்கிடுகின்றனர். இங்கும் இடர்ப்பாடு உண்டு. 1,000 ரூபாய் வரவும் 1,050 ரூபாய் செலவும் உள்ள குடும்பத்தில், வரவில் 10 ரூபாய் தவறாக எழுதப்பட்டால், 50 ரூபாய்க் கடன் 40 ஆகவோ 60 ஆகவோ தோன்றும். பெரிய இரு தொகைகளுக்கு இடையேயுள்ள சிறிய வேறுபாட்டைக் காண்பதன் தொல்லை அது.

மூன்றாம் முறை எடை போடுதல். நாமக்கல்லின் லாரித் தொழிலை அறிந்தார்க்கு எடைமேடை புதிதன்று. வெறும் வண்டியின் எடையையும் சரக்கேற்றிய வண்டியின் எடையையும் அறிந்தால், சரக்கை அவிழ்த்துப் பாராமலே அதன் எடையைக் கூறலாம். பனிப்பாளத்தை நிறுக்கும் எடைமேடையாக வானில் இரு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கிரேஸ் என்னும் அவ்விணை 2002 முதல் 2017 வரை இயங்கிற்று. அதன் வழித்தோன்றல் 2018-இல் ஏவப்பட்டது. கீழேயுள்ள பொருள் கனமாயின், அதன் ஈர்ப்பினால் முன் செல்வது சற்று விரைகின்றது. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் நுண்ணிதின் மாறுகின்றது. அம்மாற்றத்தைக் கொண்டு, ஓரிடத்தில் பொருண்மை கூடிற்றா குறைந்ததா என்பதை அறிகின்றனர். இதற்கும் குறையுண்டு. பண்டைப் பனியுகத்தின் பாரம் நீங்கியதால், பனியின் அடியிலுள்ள நிலம் இன்றும் மெல்ல எழுகின்றது. எடைமேடையே அசையுமாயின் அவ்வசைவைக் கழித்துத்தான் எடை கூற வேண்டும். அண்டார்க்டிக்காவில் அக்கழிவு சிறிதன்று.

மூன்று முறைகளுக்கும் மூன்று வேறு குறைகள். ஆயினும் மூன்றும் ஒரே திசையையே காட்டுகின்றன. கணக்கின் வலிமை இங்குத்தான் இருக்கின்றது. ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒன்றையே கூறுவார்களாயின், நியாயாதிபதி அதனைத் தள்ளுவதில்லை. உலகெங்குமுள்ள அறிஞர் கூடி அம்மூன்றையும் ஒப்புநோக்கி 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, 1992 முதல் 2020 வரை கிரீன்லாந்தும் அண்டார்க்டிக்காவும் சேர்ந்து 7,56,000 கோடி டன் பனியை இழந்தன. அதனாற் கடல் 21 மில்லிமீட்டர் உயர்ந்தது. இம்மதிப்பில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருத்தல் கூடும் என்பதையும் உடன் கூறியுள்ளனர்.

இவ்வெண் மனத்தில் நிற்க நம் அணையையே படியாகக் கொள்வோம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது 9,347 கோடி கன அடி. இது 265 கோடி கன மீட்டருக்குச் சமம். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் ஆதலால், நிரம்பிய மேட்டூரின் எடை 265 கோடி டன் எனலாம். உலகக் கடல்களின் பரப்பு ஏறத்தாழ 36 கோடி சதுர கிலோமீட்டர். அப்பரப்பு முழுவதும் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வேண்டுமாயின், நிரம்பிய மேட்டூர் அணைகள் ஏறக்குறைய 137 வேண்டும். மேற்கூறிய 29 ஆண்டுகளில் இரு பனிப்பாளங்களும் கடலிற் சொரிந்தது ஏறத்தாழ 2,850 மேட்டூர் நீர். சராசரியாக ஆண்டுக்கு நூறு மேட்டூர்கள். நம் அணை ஒருமுறை நிரம்பினால் மலர் தூவி மகிழ்கின்றோம். அத்தகைய நூறு அணைகள் ஆண்டுதோறும் ஓசையின்றிக் கடலிற் கவிழ்கின்றன என்பதை எண்ணின், மில்லிமீட்டர் என்னும் சொல்லின் சிறுமை நம்மை ஏமாற்றாது.

இதுவரை கூறியது கடந்த காலக் கணக்கு. வருங்காலத்தைக் கூறுவது இதனினும் அரிது. மேற்கு அண்டார்க்டிக்காவில் பனியின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்குக் கீழான தரையின்மேல் அமர்ந்திருக்கின்றது. அத்தரை உட்புறம் செல்லச் செல்லத் தாழ்கின்றது. முன்புறம் மிதக்கும் பனித்தட்டுகள் பனியாறுகளைத் தாங்கும் முட்டுகளாக நிற்கின்றன. வெப்பமான கடல்நீர் அம்முட்டுகளை அடியினின்றும் அரிக்கின்றது. முட்டுக் கழன்றால் பனியாறு விரையும். விரைந்து பின்வாங்குந்தோறும் இன்னும் ஆழமான தரையை அடையும். த்வைட்ஸ் என்னும் ஒரு பனியாற்றில் மட்டும் கடலை 65 சென்டிமீட்டர் உயர்த்தத் தக்க பனி உள்ளது. அது எவ்வளவு விரைவில் பின்வாங்கும் என்பதிலே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கரிப்புகை மிகின் அண்டார்க்டிக்கா ஒன்றே 2100-க்குள் கடலை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடும் என்று 2016-இல் கூறிய ஆராய்ச்சியாளரே, 2021-இல் தம் கணக்கைத் திருத்தி, அதனினும் மிகக் குறைந்த மதிப்பை வெளியிட்டனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, மேற்கூறிய பன்னாட்டுக் குழு 2021-இல் கூறியது இது: 1995 முதல் 2014 வரை இருந்த மட்டத்தை நோக்க, 2100-ஆம் ஆண்டளவில் கடல், கரியமிலவாயுவை வெகுவாகக் குறைத்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரையும், மிகுதியாக வெளியிட்டால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையும் உயரக்கூடும். பனிப்பாளங்கள் எதிர்பாராத வகையில் சிதையுமாயின் இரண்டு மீட்டரை நெருங்குதலும் இயலாததன்று.

இவ்விடத்திலேதான் நம்மவர் இரு பிறழ்ச்சிகளுக்கு ஆளாகின்றனர். ஒரு சாரார், இன்ன ஆண்டில் இன்ன நகரம் மூழ்கும் என்று நாள் குறித்து அச்சுறுத்துகின்றனர். பழைய உரைகள் கூறும் கடல்கோளை இதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். மற்றொரு சாரார், அறிஞர்க்கே ஓர் எண்ணைக் கூற இயலவில்லை, 28 என்பர், 55 என்பர், ஒரு மீட்டர் என்பர், தெரியாதவர் பேச்சை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று நகையாடுகின்றனர். முன்னவர் கணக்கின் மேல் எல்லையை மட்டும் கண்டனர். பின்னவர் கணக்கையே காணவில்லை. எல்லைகளோடு கூறும் மதிப்பு அறியாமையின் அடையாளமன்று. எவ்வளவு அறிந்தோம், எவ்வளவு அறியவில்லை என்பதை அளந்து கூறும் நேர்மையின் அடையாளம் அது. ஒரே எண்ணை உறுதியாகக் கூறுபவனையே நாம் ஐயுற வேண்டும்.

எல்லைகளோடு கூடிய மதிப்பைக் கொண்டு காரியம் ஆற்றுவது எங்ஙனம் என்று கேட்பார்க்கு மேட்டூரே விடை கூறும். அணையின் உபரிநீர்ப் போக்கியில் 16 கண்கள் உள்ளன. பல ஆண்டுகளில் அவை திறக்கப்படுவதே இல்லை. அதனால் அவற்றை வீண் செலவு என்று எவரேனும் கூறினரா? 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை அறிந்த காவிரிக் கரையார் கூறார். அணை கட்டுவோன் சராசரி ஆண்டின் நீரை மட்டும் நோக்கி மதகு அமைப்பதில்லை. அருகியே வரும் வெள்ளத்தையும் நோக்கி அமைக்கின்றான். பிழை நேரின் உயிர்ச்சேதம் விளையும் இடத்தில் மேல் எல்லையையும், பிழை நேரினும் எளிதில் திருத்தத் தக்க இடத்தில் நடு மதிப்பையும் கொள்ளுதலே அறிவுடைமை. கடலோரத்தில் எழும்பும் துறைமுகம், அனல் மின் நிலையம், கதவணை, குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றிற்கும், கடலேற்றத்தின் எந்த மதிப்பைக் கொண்டு கட்டப்படுகின்றது என்பதை வெளிப்படையாக எழுதி வைத்தல் வேண்டும் என்பது நம் கோரிக்கை. எழுதி வைத்தால், கணக்கு திருந்துந்தோறும் கட்டடத்தையும் திருத்தலாம். எழுதாவிடின் திருத்துவதற்கு ஒன்றும் இராது.

இனி, நம் சமவெளிக்கே உரிய ஒரு விஷயத்தைக் கூறாது விடல் தகாது. அணை நிரம்பி உபரி நீர் செல்லுங்கால், காவிரி வீணாகக் கடலிற் கலக்கின்றதே என்று வருந்துதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வறண்ட ஏரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த உழவர் அங்ஙனம் கூறுதலில் வியப்பில்லை. அவ்வுபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்கு ஏற்றும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் நியாயமான தேவையினின்றும் எழுந்ததே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வீண் என்னும் சொல்லை மறுக்கின்றோம். ஆற்றின் முகத்துவாரத்தில் நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையறாத போர் நடக்கின்றது. மேலிருந்து நன்னீர் தள்ளினால் உவர் பின்வாங்கும். நன்னீர் குறைந்தால் உவர் ஆற்றினுள்ளும் நிலத்தடியினுள்ளும் ஏறும். கடல்மட்டம் உயருந்தோறும் உவரின் கை வலுக்கும். அதனைத் தடுக்க முன்னினும் மிகுதியான நன்னீர் வேண்டியிருக்கும். வண்டலும் அத்தகையதே. டெல்டா என்பது ஆறு சுமந்து வந்த மண்ணால் எழுந்த நிலம். அணைக்குள் தங்கிவிடும் மண் நாகைக்குச் சேராது. புதுமண் பெறாத டெல்டா, எழும் கடலோடு தானும் எழ இயலாது. ஆகவே கடலைச் சேரும் காவிரி நீர், கடைமடை உழவனின் வயலுக்கு அரணாக நிற்கும் நீராகும். வருங்காலத்தில் மேட்டூர் நீரைப் பங்கிடுவோர், உவரைத் தடுக்கும் நீருக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டியவராவர். அன்று அப்பங்கை நம் பங்கினின்றும் பறித்ததாக எண்ணிச் சினப்பதும், இன்றே காரணத்தை அறிந்து இசைவதும் நம் கையில் உள்ளன.

இதனோடு இயற்கையின் ஒரு விநோதத்தையும் சேர்த்து நோக்குக. பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பினாற் கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கின்றது. பனி குறைந்தால் அவ்விழுப்பும் குறையும். ஆதலாற் பனியின் அருகிலுள்ள கடல் தாழ்ந்து, தொலைவிலுள்ள வெப்ப மண்டலக் கடல்கள் சராசரியினும் சற்று மிகுதியாக உயர்கின்றன. தூரத்துப் பனி தூரத்தார்க்கே மிகுதியாகத் தீங்கு செய்கின்றது. பனியைக் கண்டறியாத தமிழ்க்கடற்கரை அத்தூரத்தில் அடங்கும்.

தஞ்சைத் தரணியின் நெல்லை உண்பவர் நாம். நாமக்கல்லின் முட்டை அயல்நாடு செல்வதும் நம் லாரிகள் சரக்கேற்றுவதும் துறைமுகங்களை நம்பியே. கடலோரத்தார் வீடிழப்பின் அவர் நோக்குவது மேட்டு நிலத்து ஊர்களையே. நம் மாவட்டத்து மேட்டூரில் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் அனல் மின் நிலையமும் 1987 முதல் இயங்கி வருகின்றது. ஆகவே இக்கணக்கில் நாம் வெறும் பார்வையாளர் அல்லேம். பற்றெழுதும் பக்கத்திலும் நம் பெயர் உண்டு. 28 சென்டிமீட்டர் என்பதற்கும் ஒரு மீட்டர் என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் பனியின் இயல்பைப் பற்றிய ஐயம் ஒரு பகுதி. மனிதர் எதை எரிப்பர், எதை விடுவர் என்னும் ஐயம் மற்றொரு பகுதி. முன்னதை அறிஞர் ஆராய்ந்து குறைப்பர். பின்னதைக் குறைக்க வேண்டியவர் நாமே.

மாணவ நண்பர்கள் இச்செய்தியை அச்சத்தோடும் ஏளனத்தோடும் பாராமல், கணக்காகப் பார்க்கக் கற்பார்களாக. ஓர் எண்ணைக் கேட்டவுடன் அதன் இரு எல்லைகள் எவை, அதனை அளந்த வழிகள் எத்தனை, அவை ஒன்றோடொன்று ஒத்தனவா என வினவும் பழக்கம் அவர்க்கு வருமாயின், அவர் பொறியாளராயினும் அதிகாரியாயினும் உழவராயினும், கடைமடையில் வாழ்வார்க்குத் தீங்கு செய்யார். தலைமடையில் இருப்பார்க்கு அப்பழக்கம் இன்றியமையாதது.